பின்னால் பெயர் எழுதாத படங்கள்: கானாடுகாத்தான், காரைக்குடி, கோட்டையூர்

வெள்ளி இரவு, கானாடுகாத்தான்

காரைக்குடியில் இறங்கி, திருச்சி சாலையில் 15 கிலோமீட்டர் வாக்கில் வந்தால் கானாடுகாத்தான். நண்பனின் பாட்டையா கட்டிய வீட்டில் தங்கியிருக்கிறேன். இந்த வீட்டுக்கு இன்றைக்குப் பங்காளிகள் ஏராளம். சென்னை, கோவை, மலேசியா, அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கிறார்கள். அடுத்த மாதம் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடும் நாள், அதற்கு எல்லோரும் வருகிறார்கள். அதற்குள் சுவரில் தொங்கும் படங்களை எல்லாம் பிரதி எடுத்து, யார் யார் என்று எழுதி ஒரு தொகுப்பாக்கிவிட வேண்டும் என்று நண்பனுக்கு ஆசை. எனக்குப் பழைய படம் என்றால் போதும், கூப்பிட்ட உடனே கிளம்பிவிட்டேன். ஒவ்வொரு நாள் இரவும் அன்றன்றைக்குப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் போனதில்லை என்றால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாசல் ஒரு தெருவில் இருக்கும், கொல்லைக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். திண்ணை, முகப்பு, அப்புறம் திறந்த முற்றத்தோடு வளவு, வளவைச் சுற்றி அறைகள், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும், எல்லா நிலைக்கதவும் திறந்திருந்தால் தெருவில் நின்றே கொல்லை வெளிச்சத்தைப் பார்க்கலாம். மகன்களில் கல்யாணம் ஆன ஒவ்வொருவருக்கும் வளவில் ஓர் அறை. அவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு, கோயில் கணக்கிலும் ஒரு புள்ளி. அந்த அறையில் சாமான் இருக்கும், நகை இருக்கும், ஆள் படுப்பது வெளியே பத்தியில், அதாவது தாழ்வாரத்தில்தான்.

படங்கள் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே வீட்டைப் பற்றி ஒன்று தெரிகிறது. முகப்பில், வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி, வீட்டைக் கட்டியவரும் அவர் மனைவியும் அறுபதாம் கல்யாணக் கோலத்தில் இருக்கிறார்கள்; அவர் கழுத்தில் கௌரிசங்கம் என்கிற ருத்திராட்ச மாலை. பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜும் ராணியும் அச்சுப் படமாக. அதற்கு அடுத்து ரவிவர்மா லட்சுமி, சரஸ்வதி. யாரோ வெள்ளைக்கார அதிகாரிக்கு மாலை போட்ட கூட்டப் படம் ஒன்று. வளவுக்குள் வந்தால்தான் பெண்களும் குழந்தைகளும். இரண்டாம் கட்டில் படங்கள் சிறிதாகிவிடுகின்றன. மூன்றாம் கட்டில், அடுப்படிப் பக்கம், ஒன்றுகூட இல்லை.

எல்லாமே கதவு நிலைக்கு மேலே, ஆள் எட்டாத உயரத்தில், மேல்பக்கம் சுவரைவிட்டு முன்னால் சாய்ந்து தொங்குகின்றன. கீழே நின்று நிமிர்ந்து பார்ப்பவருக்கு முகம் நேராகத் தெரிய வேண்டும் என்று அப்படி மாட்டியிருக்கிறார்கள். நாளைக்கு ஏணி வேண்டும்.

இரவு ஆச்சி வெள்ளைப் பணியாரமும் காரச் சட்டினியும் கொடுத்தார். நண்பனின் அப்பத்தா அவர், நான் ஆச்சி என்று கூப்பிடுகிறேன். எண்பதைத் தாண்டிவிட்டார். கண் கொஞ்சம் மங்கல், நினைவு துல்லியம். நாங்கள் வந்த காரியத்தின் அவசரம் எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சனி இரவு, அதே வீடு

காலை எட்டு மணிக்குத் தொடங்கி வெயில் இறங்கும்வரை ஒரே வேலை. நண்பன் ஏணியில் ஏறி இறக்குவான், நான் மேலே துணியால் தூசி தட்டி, முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் பிரதி எடுப்பேன். பிளாஷ் போடவே கூடாது. கண்ணாடியில் நம் முகமே தெரியும் என்பதால் எனக்குப் பின்னால் யாராவது கறுப்புத் துணியை விரித்துப் பிடிக்க வேண்டும். சபரிமலைக்குக் கட்டிய கறுப்பு வேட்டி ஒன்று அகப்பட்டது, பிரமாதமாக உதவியது. சில படங்கள் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கப் பார்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்க அட்டையை ராமபாணப் பூச்சி அரித்திருந்தால் அட்டையை மட்டும் மாற்றலாம், ஆனால் அதில் ஸ்டூடியோ முத்திரையோ எழுத்தோ இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்த பிறகுதான்.

ஆச்சி வளவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு படத்தையும் அவர் மடியில் வைத்தோம்.

முதலில் வந்தது ஒரு பெண்ணின் படம். பதினாலு பதினைந்து வயதுதான் இருக்கும், கழுத்தில் கழுத்துரு. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கல்யாணத்தில் பூட்டுகிற அந்தப் பெரிய தங்க உருப்படியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மார்பு முழுக்க இறங்கும். படத்தில் கழுத்துருவுக்குப் பொன் நிறத்தைக் கையாலேயே தீட்டியிருக்கிறார்கள், கன்னத்துக்குக் கொஞ்சம் ரோஜா நிறம். அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளையாகப் பெரிதாக்கி அதன்மேல் வண்ணம் தீட்டிக் கொடுப்பது பெரிய தொழில். ஆச்சி கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது எங்க மாமியா. படம் புடிக்கிறப்ப அழுதுகிட்டே நின்னாகளாம், அசையக் கூடாதுன்னு சொல்லிட்டாகளாம்ல."

நான் அந்த முகத்தை மறுபடி பார்த்தேன். அதுவரை அது எனக்கு நகை அணிந்த ஒரு பெண். நண்பன் பிறந்ததிலிருந்து அந்தப் படத்துக்குக் கீழே நடந்திருக்கிறான், அவனுக்கும் இப்போதுதான் தெரியும்.

மதியத்துக்கு மேல் பர்மாப் படங்கள். இந்த வீட்டைக் கட்டிய பணம் அங்கிருந்துதான் வந்தது. 1929-30இல் பர்மாவில் அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு, அங்கே செட்டியார் வட்டிக்கடைகள் 1,650 வாக்கில் இருப்பதாகவும் அவர்கள் போட்டிருந்த மூலதனம் 75 கோடி ரூபாய் என்றும் கணக்குச் சொன்னது. அந்தக் காலத்து 75 கோடி! நெல் விளைகிற கீழ் பர்மாவில் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். கடைகளுக்கு ஊரிலிருந்து ஆள் போவார்கள். கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், கூட இருந்து தொழில் பழகும் பெட்டியடிப் பையன், சமையலாள் என்று வரிசை, மூன்று வருஷக் கெடு, கெடு முடிந்தால் ஊர் திரும்பலாம். குடும்பத்தைக் கூட்டிப் போகிற வழக்கம் கிடையாது. அதனால்தான் படம். ஊரிலிருந்து மனைவி குழந்தை படம் அங்கே போகும், அங்கிருந்து இவர் படம் இங்கே வரும்.

ரங்கூனில் அப்போது ஜெர்மானியரான கிளியர், அப்புறம் அகுஜா என்று பேர்போன ஸ்டூடியோக்கள் இருந்தன. இந்த வீட்டுப் படங்களில் ஸ்டூடியோ முத்திரை பாதி அரித்துப்போய் 'ரங்கூன்' என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பின்னால் தொங்கவிட்ட சீலையில் தூணும் தோட்டமும் வரைந்திருக்கிறது, ஒரு உயரமான பூச்சட்டி ஸ்டாண்டு, அதில் ஒரு கை. இடுப்பில் வேட்டி, மேலே கோட்டு, நெற்றி நிறைய விபூதி. பெரும்பாலும் எல்லோரும் இதே மாதிரிதான் நிற்கிறார்கள்.

ஒரு படத்தில் நான்கு பேர். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஆச்சியின் மாமனாருடைய அண்ணன், மேலாளாக இருந்தவர். வலது பக்கம் நிற்பவர் அடுத்தாள், அவர் பேரும் ஊரும் ஆச்சிக்குத் தெரிந்தது. இடது பக்கம் கணக்குப்பிள்ளை, பேர் வரவில்லை. கீழே தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் பையன் யார் என்று கேட்டதற்கு, "அது பெட்டியடிப் பையனா இருக்கும்" என்றார். பேர் இல்லை. பத்துப் பன்னிரண்டு வயசு. கடல் தாண்டிக் கூட்டிப்போன பையன்.

அந்த வீடுகளின் கதை இறங்கத் தொடங்கியதும் அங்கிருந்துதான். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக இருந்த நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்களிடம் இருந்தது 6 சதவீத நிலம், 1937இல் 25 சதவீதம். பணத்தை விதைத்தவர்கள் கையில் வேண்டாத நிலம் வந்து சேர்ந்தது, நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கோ ஆறாத கோபம். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், முகப்பில் நின்று தேக்குத் தூணை அண்ணாந்து பார்க்கிறபோது நான் இதை மறக்க விரும்பவில்லை. 1942இல் ஜப்பான் படை வந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். சுதந்திர பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது, 1960களில் வங்கிகளும் கடைகளும் போயின. ஆச்சி ஒரே ஒரு படத்தை மட்டும் மடியில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் கொடுக்கவில்லை. "இவுக நடந்து வந்தாக, வந்து சேரலை" என்றார். பேரை நான் எழுதிக்கொண்டேன், இங்கே போடவில்லை.

ஞாயிறு இரவு

இன்றைக்கு வெளியே. நேற்று எடுத்த பிரதிகளில் கட்டடங்கள் தெரிகிறவற்றைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினோம். அச்செடுக்கக் காரைக்குடிவரை போய்வர வேண்டியிருந்தது, அதில் பாதிக் காலை போய்விட்டது.

செட்டிநாட்டு அரண்மனை வாசல் முன்னால் நின்று பழைய படத்தைப் பிடித்துப் பார்த்தால் கட்டடத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அண்ணாமலைச் செட்டியார் 1881இல் பிறந்தது இந்த ஊரில். 1929இல் செட்டிநாட்டு ராஜா என்ற பட்டம், அதே ஆண்டு சிதம்பரத்தில் பல்கலைக்கழகம். அரண்மனையை நாங்கள் வெளியிலிருந்துதான் பார்த்தோம். மாறியிருப்பது தெரு. படத்தில் தெரு அகலமாக, மண்ணாக, வில்வண்டி நிற்க இடத்தோடு இருக்கிறது. இப்போது தார் மேல் தார் போட்டு உயர்ந்துவிட்டதால் பல வீடுகளின் படிகளில் கீழ்ப்படி காணாமல் போயிருக்கிறது. நாங்கள் ஒரு வீட்டில் படத்தில் ஏழு படி எண்ணினோம், நேரில் ஐந்து.

ஊருணியும் அப்படித்தான். கூரையில் விழுகிற மழை முற்றத்துக்கு வந்து, அங்கிருந்து வடிகால் வழியாகத் தெருவுக்கும் தெருவிலிருந்து ஊருணிக்கும் போகும்படி இந்த ஊர்களை அமைத்திருக்கிறார்கள். வறண்ட பூமி, வற்றாத ஆறு கிடையாது, அதனால் ஒவ்வொரு சொட்டுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஊருணிப் படம் ஒன்று கிடைத்தது எங்களிடம். படிக்கட்டில் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள், முகம் யாருக்கும் தெளிவில்லை, அசைந்துவிட்டார்கள். வீட்டுக்குள் எடுத்த எந்தப் படத்திலும் இல்லாத ஆட்கள் இவர்கள். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த படம் இதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த ஊர் செட்டியார்கள் மட்டும் வாழ்ந்த ஊர் கிடையாது. சுண்ணாம்பு அரைத்தவர்கள், கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அந்தச் சுவரைக் கண்ணாடி மாதிரி தேய்த்தவர்கள், பர்மாத் தேக்கில் நிலைக்கு நிலை யாளியும் லட்சுமியும் செதுக்கிய ஆசாரிமார், சமைத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் எல்லோரும் இங்கே வாழ்ந்தவர்கள்தான். எங்கள் கையில் இருந்தவற்றில் கட்டுமானத்தின்போது எடுத்த படம் ஒன்றே ஒன்று. முகப்பு பாதி எழும்பியிருக்கிறது, சாரம் கட்டியிருக்கிறது, முன்னால் குடையோடு வீட்டுக்காரர், பின்னால் சாரத்தின்மேலும் கீழேயுமாக முப்பது பேருக்குக் குறையாமல் வேலையாட்கள். குடைக்காரர் பேர் ஊருக்கே தெரியும். சாரத்தில் இருப்பவர்களில் ஒருவர் பேர்கூடக் கிடைக்கவில்லை. ஆச்சி, எதிர்வீட்டுப் பெரியவர், கோயில் குருக்கள் என்று எல்லோரிடமும் காட்டிவிட்டோம். கடைசியில் ஆசாரித் தெருவில் ஒருவர், நிலைக்கதவு செதுக்கியது தன் தாத்தாவின் கூட்டத்தார் என்று சொன்னார், படத்தில் எது தாத்தா என்று காட்ட அவராலும் முடியவில்லை. ஆனால் தாத்தாவின் பேரைச் சொன்னார். படத்தின் கீழே அந்தப் பேரையும் எழுதப்போகிறோம், 'இவர்களில் ஒருவராக இருக்கலாம்' என்று குறித்து. நண்பனின் சித்தப்பா ஒருவர் போனில் இதற்கு முகம் சுளித்தார், இது குடும்பத் தொகுப்புதானே என்றார். வீட்டைக் கட்டியவர்கள் வீட்டுத் தொகுப்பில் இல்லாமல் வேறு எங்கே இருப்பார்கள்?

சாயங்காலம் ஆத்தங்குடி. பெரிய வீட்டைக் கட்டணம் கொடுத்துப் பார்த்தோம், கூட்டமும் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது கல் போடும் பட்டறை. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டம் வைத்து, அதற்குள் தகர அச்சை இறக்கி, பூவுக்கு ஒரு வண்ணம் இலைக்கு ஒரு வண்ணம் என்று சிமெண்டுக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கண்ணாடியில் பட்ட பக்கம்தான் மேல்பக்கம், பளபளப்பு அங்கிருந்து வருகிறது. பட்டறைக்காரரிடம் படங்களில் தெரிகிற தரையைக் காட்டினேன். கறுப்பு வெள்ளையிலேயே கோலத்தைப் பார்த்து இது இன்ன அச்சு என்று சொல்கிறார்! அதனால் ஒரு பெரிய உபகாரம் ஆயிற்று. எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாமல் வைத்திருந்த ஒரு குழந்தைப் படத்தில் தரையில் எட்டிதழ்ப் பூ. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துத் தேடினால் இரண்டாம் கட்டில், இப்போது பழைய பாத்திரம் அடைத்திருக்கும் மூலையில், அதே பூ. அங்கேதான் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஆச்சியைக் கூட்டிவந்து காட்டினோம். இடத்தைப் பார்த்ததும் குழந்தை யார் என்று சொல்லிவிட்டார். பிரசவத்துக்கு வந்த நாத்தனாரை அந்த மூலையை ஒட்டித்தான் படுக்க வைத்திருந்தார்களாம்.

திங்கள் இரவு, காரைக்குடி

செட்டிநாடு ரயில் நிலையத்தைப் போகிற வழியில் எட்டிப் பார்த்தோம். 1930 வாக்கில் திருச்சி மானாமதுரைப் பாதை வந்தபோது கட்டியது, ராஜாவுக்கென்று தனியாக ஒரு காத்திருப்பு அறை உண்டு. ரயில் வருவதற்கு முன்னால் பர்மா போனவர்கள் மாட்டுவண்டியில் கிளம்பியிருக்கிறார்கள்.

காரைக்குடிக்கு வந்த காரணம் ஒரு படம். தமிழ் படித்த எல்லோரும் பார்த்த படம்: தலைப்பாகை, கையில் தடி, பாரதி. பாரதியின் படங்கள் என்று உறுதியாக நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்தே ஐந்து, அதில் இரண்டு இந்த ஊரில் எடுத்தவை. 1919 அக்டோபர் கடைசியில் கடையத்திலிருந்து கிளம்பி கானாடுகாத்தானுக்கு வந்தார், வை.சு. சண்முகம் செட்டியாரின் இன்ப மாளிகையில் தங்கினார். அங்கிருந்து நவம்பரில் காரைக்குடி. 1917இல் ராய. சொக்கலிங்கமும் நண்பர்களும் தொடங்கியிருந்த இந்து மதாபிமான சங்கத்தின் இளைஞர்கள் அவரை அழைத்திருந்தார்கள். சங்கத்தின்மீது ஒரு பாட்டும் எழுதிக் கொடுத்தார். அப்போது எடுத்தவைதான் தனியாக ஒரு படமும் சங்கத்தாரோடு சேர்ந்து ஒரு படமும். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 1921 செப்டம்பரில் போய்விட்டார்.

யோசித்துப் பாருங்கள், அந்த இளைஞர்களுக்கு ஒரு படம் எடுத்துவைக்கத் தோன்றாமல் இருந்திருந்தால்! நாட்டின் கவிஞனுக்கு முகம் கொடுத்ததில் ஒரு சின்ன ஊர்ச் சங்கத்துக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் நாம் செய்தது என்ன, கூட்டப் படத்திலிருந்து பாரதியை மட்டும் வெட்டியெடுத்துச் சுவரொட்டியும் நாட்காட்டியும் போட்டோம். அவரை அழைத்து வந்தவர்கள் பெரும்பாலான பிரதிகளில் கிடையாது. முழுப் படத்தைத் தேடிப் பாருங்கள், கூட இருப்பவர்கள் முகத்தில் எவ்வளவு பெருமை என்று தெரியும். ராய.சொ. பின்னால் தமிழறிஞராக நின்றவர். அந்தச் சங்கம் இருந்த ஊரில்தான் 1939இல் சா. கணேசன் கம்பன் விழாவைத் தொடங்கினார்.

மதியம் முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. இடித்த வீட்டு நிலைக்கதவு, தூண், எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, மரப்பாச்சி, எல்லாவற்றிலும் விலாசம், அதாவது குடும்பத்தின் தலைப்பெழுத்துகள், பொறித்திருக்கும், நகரத்தார் வீட்டில் கரண்டிக்கும் எழுத்து வெட்டுவார்கள். படங்களும் இருக்கின்றன. ஒரு கடையின் பின்கட்டில் சுவரில் சாய்த்து அடுக்கியிருந்தார்கள். வாங்குகிறவர்கள் சட்டத்துக்காகத்தான் வாங்குகிறார்கள், தேக்குச் சட்டமாயிற்றே. உள்ளே இருப்பவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். எடுத்தவற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டினார். மணக்கோலத்தில், அறுபதாம் கல்யாணத்தில், பள்ளிக்கூடச் சீருடையில், ரங்கூனில், பினாங்கில், ஒரே ஒருவராக, குடும்பமாக. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தேன். பின்னால் எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்த மிகச் சிலவற்றில் ஒன்றில் பென்சிலால் 'அப்பச்சி' என்று இருந்தது, நகரத்தார் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுதியவருக்கு அது போதும், யாருடைய அப்பச்சி என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் எதையும் வாங்கவில்லை, பெட்டியில் இருந்தவற்றில் ஊர் அடையாளம் தெரிகிறவற்றை மட்டும் அவர் அனுமதியோடு பிரதி எடுத்தேன். விலாச எழுத்து தெரிகிற ஒரு படத்தை நண்பன் யாருக்கோ அனுப்பினான், ஒரு மணி நேரத்துக்குள் பள்ளத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார், தன் ஐயாவின் தம்பி என்று. நாளைக்கே வந்து வாங்கிக்கொள்கிறாராம். விலாசம் பொறிக்கிற பழக்கம் இத்தனை வருஷம் கழித்து இப்படி வேலை செய்கிறது.

அதே தெருவுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவரைச் சந்தித்தோம். கண்ணாடி நெகடிவ் காலத்திலிருந்து அவர் அப்பா தொழில் செய்தவர். அந்த நெகடிவ்கள் எங்கே என்று கேட்டதற்கு, "வெந்நீர்ல போட்டு வழிச்சிட்டு, படத்துக்குப் போடுற கண்ணாடியா வித்துட்டோம் தம்பி, எடம் அடைச்சுது" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வைத்துக்கொள் என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை, இடமும் கொடுக்கவில்லை.

செவ்வாய், கோட்டையூர்

கடைசி நாள், கோட்டையூரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவில் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

கோட்டையூர் என்றால் ஊரார் முதலில் சொல்வது வள்ளல் அழகப்பச் செட்டியாரை. 1909இல் இங்கே பிறந்தவர், 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார், அங்கேயே மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். பெண்கள் கல்லூரிக்குத் தான் குடியிருந்த வீட்டையே காலிசெய்து கொடுத்தவர் அவர். 1957இல், ஐம்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார்.

எனக்குக் கோட்டையூர் என்றால் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். வீடு வீடாகப் போய், தாள் என்று எது கிடைத்தாலும் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை, பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, படம். பழைய தாள் என்று மற்றவர்கள் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் தொகுப்பை வாங்கியது. அதை வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள், அதுதான் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஒரு லட்சம் அளவிலான நூல்களையும் இதழ்களையும் ஒரு தனி மனிதர் இந்தச் சிற்றூரில் உட்கார்ந்து சேர்த்தார் என்பதை அவர் ஊர்த் தெருவில் நடக்கும்போது நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

அவர் கல்யாணப் பத்திரிகையைச் சேர்த்தது ஏன் முக்கியம் என்று இன்றைக்குக் கண்ணாலேயே பார்த்தேன். நண்பனின் உறவுக்கார ஆச்சி ஒருவர் வீடு இந்த ஊரில். அவர் பெட்டகத்தில் பத்திரிகைக் கட்டு ஒன்று வைத்திருந்தார், கூடவே யாரோ ஒருவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் போட்ட மலர். இந்த மலர்களை நகரத்தார் வீடுகளில் நிறையப் போட்டிருக்கிறார்கள். நடுவில் பளபள தாளில் குடும்பப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் பேர், ஊர், கோயில், பிரிவு. புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். சனிக்கிழமை ஆச்சியால் பேர் சொல்ல முடியாமல் போன கணக்குப்பிள்ளை. வயதாகி, தலை நரைத்து, 'நமது நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர்' என்ற வரியோடு. அதே காது, அதே நெற்றி வடு. பேரும் ஊரும் இருக்கிறது, தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். நண்பன் அங்கே விசாரிக்கச் சொல்லி ஆளிடம் பேசிவிட்டான், குடும்பம் இருக்கிறதாம், அவர்களுக்கு ரங்கூன் படம் இருப்பதே தெரியாது. நாளைக்கு அனுப்புகிறோம்.

படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது இப்படி மலரோ பத்திரிகைக் கட்டோ இருந்தால் பழைய தாளுக்குப் போடாதீர்கள். படம் இருந்தால் இந்த வாரமே இறக்கி, வீட்டில் வயதான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மென்மையான பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள், பால்பாயின்ட் வேண்டாம், முன்பக்கம் அச்சு விழும். 'தாத்தா', 'அப்பச்சி' என்று எழுதாமல் முழுப் பேர், ஊர், யாருக்கு என்ன உறவு என்று எழுதுங்கள். ஓரத்தில் நிற்பவரையும் கீழே உட்கார்ந்திருப்பவரையும் கேளுங்கள்.

பெட்டியடிப் பையன் பேர் இன்னும் கிடைக்கவில்லை. படைப்பன்று பங்காளிகள் எல்லோரும் கூடும்போது அந்தப் படத்தைப் பெரிதாக்கி வளவில் வைக்கிறோம். மலேசியாவிலிருந்து வரும் ஒரு பெரியவருக்குத் தெரிந்திருக்கலாம் என்று ஆச்சி சொல்கிறார். தெரிந்தால் இங்கே எழுதுகிறேன்.